அட்டனில் இருக்கும் அக்காவும் எங்கள் கடை வாத்தும்

கிட்டத்தில் வந்து உட்காருங்கள். சேரம்பாடியில் மழை பிடித்துக்கொண்டால் தகரக் கூரைக்குக் கீழே பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவதே காதில் விழாது. கத்திப் பேசுகிற வயதை நான் தாண்டியாகிவிட்டது.

கம்ப்யூட்டர் கடை என்பது ஊரார் அவசரத்தையெல்லாம் நம் மடியில் வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் திரையில் ஒரு வட்டம் சுற்றுவதைக் காட்டிக்கொண்டிருக்கிற தொழில். பாஸ்வேர்டை மறந்துவிட்டு மேலே பார்த்தவர்கள், பாதி வேலையில் மிசின் தானாக அணைந்துபோய்த் தலையில் கை வைத்தவர்கள், 'சரி' என்பதை அழுத்துவதா 'வேண்டாம்' என்பதை அழுத்துவதா என்று விரலைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறேன்?

சத்தமில்லாத பேச்சு

என் பெயர் பாக்கியம். எஸ்டேட்டில் கொழுந்து எடுத்துப் பிழைத்தவள். படிப்பு இரண்டாம் வகுப்பு, அதுவும் சிலோனில். அப்படிப்பட்டவள் எப்படிக் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்தாள் என்றால், அதற்குக் காரணம் ஜெஸ்ஸி. கூடலூர்ப் பக்கத்து மலையாளப் பெண். ஒரு எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீசைக் குன்னூருக்கு மாற்றியபோது பழைய மிசின்களைக் காயலான் கடைக்குப் போடப் பார்த்தார்கள். அவள் நல்லதாகப் பார்த்து வாங்கிக்கொண்டாள். பஜாரில் எனக்கு ஒரு சின்ன அறை இருந்தது. மிசின் அவளுடையது, கூரை என்னுடையது. அவள் தட்டுவாள். நான் ஷட்டரைத் தூக்கி, தூசி துடைத்து, வருகிறவர்களை உட்காரவைத்து, கோபமாக இருப்பவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பேன். என் வேலைதான் கஷ்டம்.

அறையை நான் வாடகைக்கு விடாமல் கடையாக்கியதற்கு உள்காரணம் ஒன்று உண்டு. என் அக்கா சிலோனில் இருக்கிறாள், அட்டன் பக்கத்துத் தோட்டத்தில். நாங்கள் இந்தியாவுக்கு வந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு அந்த நாட்டுப் பிரஜை உரிமை கிடைத்துவிட்டதால் அவளும் அங்கேயே நின்றுவிட்டாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. எழுத்தும் தெரியாது. இப்போது கண்ணிலும் புரை விழுந்து, போன் திரையில் என் முகத்தைக் காட்டினால் உப்புக்கல் மாதிரி தெரிகிறது என்கிறாளாம். பெரிய திரையாக இருந்தால்தான் பார்ப்பாள். அவள் தோட்டத்து வாசிகசாலையில், அதாவது அங்கே இருக்கிற படிப்பகத்தில், யாரோ தானமாகக் கொடுத்த ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அங்கே வந்து உட்காருவாள், நான் இங்கே உட்காருவேன். சின்ன வயதில் நாங்களே உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சு எங்களுக்கு இருக்கிறது. கோழி குஞ்சு பொரித்ததிலிருந்து மாப்பிள்ளை செத்தது வரைக்கும் கையாலேயே பேசியிருக்கிறோம்.

ஒரு ஞாயிறு பிரிண்ட் எடுக்க வந்த கொங்குநாட்டுக்காரர் ஒருவர், மேட்டுப்பாளையத்திலிருந்து காய் லோடு கொண்டு வருகிறவர், எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் வேலை முடிந்தும் போகவில்லை. கடைசியில் ஜெஸ்ஸியிடம் சொன்னார்: "இத்தன நேரம் பேசறாங்க, ஒரு சத்தமில்லீங்களே! எங்க ஊட்டுல ரெண்டு பேரு பேசுனா பக்கத்து ஊட்டு நாயி குலைக்குமுங்க."

போஜன் ஐயா கேட்ட கேள்வி

கேத்தியில் காரட் போடுகிற போஜன் ஐயா, இங்கே கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வந்திருந்தார். மருமகன் பரீட்சைக்குப் போகிறான். அவனுக்கு ஹால் டிக்கெட் எடுக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. ஜெஸ்ஸி பிரிண்ட் கொடுக்கப் போனாள். திரை நீலமாகிவிட்டது. 'அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று எழுத்து. அதற்குக் கீழே வட்டம். உங்களுக்குத் தெரியாத வட்டமா?

போஜன் ஐயா பொறுமைசாலி. தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "யாரும்மா இதை இப்பப் பண்ணச் சொன்னது?" என்றார். "யாரும் சொல்லல ஐயா. கம்பெனிக்காரங்க அங்கேருந்து அனுப்பறாங்க" என்றாள் ஜெஸ்ஸி. "நிறுத்தேன்." "நமக்கு நிறுத்த முடியாது." "மிசின் உன்னுதுதானே?" "மிசின் நம்மளது. உள்ள இருக்கற சிஸ்டம் அவங்களது. நாம உபயோகிச்சுக்கலாம், அவ்வளவுதான். தெறந்து பாக்கக்கூட உரிமையில்ல."

வட்டம் நின்று டிக்கெட் கைக்கு வருவதற்குள் பஸ் போய்விட்டது. மருமகன் ஜீப் பிடிக்க ஓடினான். போஜன் ஐயா தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "நான் வாங்கிட்டு வந்த மாட்ட என் கொட்டில்ல கட்டறதுக்கு, வித்தவன் சம்மதம் வேணும்னா, அவன் எனக்கு மாட்ட வித்தானா, இல்ல என் புல்லுக்கு அவன் மாட்ட மேய விட்டிருக்கானா?"

துண்டு

இதைச் சொல்லும்போது தோளில் கிடக்கிற துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன்.

ஆடி மாதத்து ஞாயிறு. மஞ்சு, அதாவது மலை மூடுபனி, கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. அக்கா திரையில் இருந்தாள். திடீரென்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு, 'நீ தெரியவில்லை' என்று காட்டினாள். கேமராக் கண்ணாடியில் ஈரம். நான் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, கேமராவைத் துடைத்தேன். கேமரா திரைக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. நான் குட்டை. கையைத் தலைக்கு மேலே தூக்கித்தான் துடைத்தேன். துடைத்துவிட்டுப் பார்த்தால் அக்கா எழுந்து நிற்கிறாள். சேலையை உதறினாள், பையை எடுத்தாள், நடந்து போய்விட்டாள்.

என்ன ஆயிற்று என்று உங்களுக்குப் புரியாது. எங்கள் ஆட்களுக்குத்தான் புரியும். சாயங்காலம் கொழுந்து நிறுப்பதற்குத் தோட்டத்தில் கொம்பு ஊதுவார்கள். அக்காவுக்குக் காது கேட்காது. அவள் எந்த மலையில் நிற்கிறாளோ அதற்கு எதிர்ப் பாறையில் நான் ஏறி நின்று, துண்டைத் தலைக்கு மேலே சுற்றுவேன். நிறுவை வந்துவிட்டது, இனி வேலை இல்லை, கிளம்பு என்று அர்த்தம். அவளும் கிளம்பிவிடுவாள். அதுதான் என் சின்ன வயது உத்தியோகம். நாங்கள் இந்தியாவுக்குக் கிளம்பிய அன்று அட்டன் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்ததும் எல்லாரும் துண்டை ஆட்டினார்கள். நானும் சுற்றினேன். அக்கா அப்படியே திரும்பி நடந்துவிட்டாள். எல்லார் அக்காவும் ரயில் மறைகிறவரைக்கும் நின்றார்கள், என் அக்கா மட்டும் நிற்கவில்லையே என்று கப்பல் ஏறும்வரைக்கும் அழுதேன். நான்தான் போகச் சொன்னேன் என்று பின்னால் வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது.

இப்போது மறுபடியும் அதே துண்டு. நான் மேசையைத் தட்டிக்கொண்டு, "அக்கா! இல்லக்கா! துடைச்சேன்க்கா!" என்று காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினேன். ஜெஸ்ஸி வந்து என் கையைப் பிடித்தாள். "சத்தம் வேண்டா சேச்சி. அவங்களுக்குக் கேக்காதுல்ல."

கோயமுத்தூர்த் தம்பி

அடுத்த ஞாயிறு சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த ஞாயிறு வரவில்லை. நாங்கள் முகம் பார்த்துப் பேசுகிற அந்தப் புரோகிராமைக் கம்பெனி நிறுத்திவிட்டது. நிறுத்தப்போகிறோம் என்ற அறிவிப்பு வெகு நாளாகவே திரை மூலையில் வந்துகொண்டுதான் இருந்தது. ஈயை ஓட்டுகிற மாதிரி நான் அதை மூடிக்கொண்டிருந்தேன். வேறு புரோகிராம் போடலாம் என்று ஜெஸ்ஸி பார்த்தாள். அது எங்கள் பழைய சிஸ்டத்தில் ஏறாது. சரி, புது சிஸ்டம் போடலாம் என்றால், அது எங்கள் பழைய மிசினில் ஏறாது. இனி இந்த மிசினுக்கு எங்கள் உதவி கிடையாது, புதிதாக வாங்குங்கள் என்று ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். படத்தில் இருந்த பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மோப்பம் பிடித்தது மாதிரி கோயமுத்தூரிலிருந்து ஒரு விற்பனைக்காரத் தம்பி வந்தார். கழுத்தில் டை, காலில் அட்டை கடித்த ரத்தம். நான் உப்பு வைத்து அட்டையை எடுத்துவிட்டேன். "ஏனுங்கம்மா, மிசினு நல்லாத்தானுங்க இருக்குது. கம்பெனிதானுங்க வேண்டாங்குது" என்றார். "நல்லா இருக்கறத எதுக்குத் தம்பி தூக்கிப் போடணும்? எங்க எஸ்டேட்ல வெள்ளக்காரன் நட்ட தேயிலச் செடி இன்னும் கொழுந்து விடுது. நட்டவன் போயிட்டான்னு செடி நிறுத்திக்கிச்சா?" என்றேன். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார், தவணை சொன்னார், பை ஒன்று இனாம் என்றார்.

நாங்கள் புதிது வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. அட்டன் வாசிகசாலையில் இருப்பதும் எங்களைப் போலப் பழைய மிசின். அவர்கள் எங்கே போய் வாங்குவார்கள்? அதைச் சொன்னேன். அக்காவைச் சொன்னேன். துண்டைச் சொன்னேன். தம்பி பையை மூடினார். ஜெஸ்ஸி தள்ளி இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னார்: "சொல்லக் கூடாதுங்கம்மா. எங்க ஊட்டுலயும் இதே மிசினுதானுங்க. நானே இன்னும் புதுசு வாங்கலீங்க."

கவாத்து

தேயிலைச் செடிக்கு வயதாகி, கிளை முற்றி, கொழுந்து குறைந்தால் நாங்கள் வேரோடு பிடுங்குவதில்லை. இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவோம். அதற்குக் கவாத்து என்று பெயர். வெட்டின மலையைப் பார்த்தால் சுடுகாடு மாதிரி இருக்கும். பிறகு துளிர்க்கும்.

ஜெஸ்ஸி ஒரு மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "சேச்சி, நான் கவாத்து பண்ணப் போறேன்" என்றாள். மிசினுக்குள் இருந்த கம்பெனிக்காரர் சிஸ்டத்தை அடியோடு வெட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மழை மாதிரி ஓடியது. எழுத்து நின்றதும் ஒரு பறவைப் படம் வந்தது. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, தட்டைக் கால். அது பனி தேசத்துப் பெங்குவின் என்றாள். எங்கள் பஜாரில் யாரும் பெங்குவினைப் பார்த்ததில்லை. அதனால் வாத்து என்று பெயராகிவிட்டது. லினக்ஸ் என்ற அசல் பெயரை ஜெஸ்ஸி ஒருத்திதான் சொல்லுவாள். அதை எழுதியவர்கள் ஒரு கம்பெனி இல்லையாம். உலகத்தில் அங்கங்கே இருக்கிற ஆயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிச் சேர்த்ததாம். யாரும் எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். என்ன கேட்டாலும் கதவைச் சாத்திக்கொள்ள அங்கே முதலாளி இல்லை.

எல்லாம் அமிர்தம் என்று சொல்ல மாட்டேன். வாத்து ஏறியதும் பிரிண்டர் படுத்துக்கொண்டது. ஜெஸ்ஸி இங்கிலீஷில் எங்கேயோ ஒரு கேள்வி எழுதிப் போட்டாள். கம்பெனிக்குப் போன் பண்ணினால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பாட்டுப் போடுவார்கள் இல்லையா? இங்கே, முன்பின் தெரியாத ஒருத்தி எந்தத் தேசத்திலிருந்தோ உட்கார்ந்து பதில் எழுதியிருந்தாள். அவளுக்கு நாங்கள் யார்? பிரிண்டர் எழுந்தது.

அன்றைக்குத் தையல்கடைக் கருப்பையா அண்ணன் ஜெராக்ஸ் எடுக்க வந்து வெகு நேரம் காத்திருந்தார். "சும்மா குடுக்கறாங்கன்னா எங்கயோ ஓட்டை இருக்கும். இதுக்கு ஓனர் யாரும்மா?" என்று துருவினார். "நீங்கதான் அண்ணா. நான், சேச்சி, நீங்க, எல்லாரும்தான்" என்றாள் ஜெஸ்ஸி. கருப்பையா அண்ணன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார்: "ஓனரு நானா? அப்ப ஓனர எதுக்கும்மா ஒரு ஜெராக்ஸுக்கு இவ்வளவு நேரம் நிக்க வெச்சிருக்கீங்க?"

யோகராசா போன் பண்ணினார்

எங்கள் பக்கம் தயார். புதுப் பேச்சுப் புரோகிராமும் வாத்தின்மேல் ஓடியது. ஜெஸ்ஸி அவள் போனிலிருந்து கடைக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டாள். என் முகம் எனக்கே பெரிதாகத் தெரிந்தது. இவ்வளவு சுருக்கமா என்று கொஞ்சம் வருத்தம்தான். இனி அந்தப் பக்கம்.

வாசிகசாலையைப் பார்த்துக்கொள்கிறவர் யோகராசா. முன்னால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மணியடித்தவர். நல்ல மனுசர், ஆனால் கம்ப்யூட்டரைத் திறக்கவும் மூடவும்தான் தெரியும். அவர் மிசினிலும் அதே சிரிக்கிற பெண் வந்துவிட்டாளாம். "அது போகட்டும், அக்கா எப்படி இருக்குது?" என்றேன். அவர் இழுத்து இழுத்துச் சொன்னார். அக்கா இப்போது வாசிகசாலைக்கு வருவதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிற வழி அதுதான். அந்த வாசல் வந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போகிறாளாம். அவள் பிள்ளைகள் கொழும்பில் கடை வேலையில் இருக்கிறார்கள், பொங்கலுக்குத்தான் வருவார்கள். எங்கள் கைப்பேச்சு ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைக்காத நாள் இல்லை. கடையில் சும்மா இருக்கும்போது என் கை தானாகவே மடியில் அவளோடு பேசிக்கொண்டிருக்கும். ஜெஸ்ஸி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள். ஆனால் என் முழங்கால் பஸ் படி ஏறவே பஞ்சாயத்து வைக்கிறது. கடல் தாண்டுவது எங்கே?

யோகராசா போனை வைக்குமுன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நான் மறிச்சு, வாங்கன்னு கம்ப்யூட்டரக் காட்டினேன். அக்கா முந்தானைய எடுத்துத் தலைக்கு மேல ரெண்டு சுத்து சுத்திக் காட்டிட்டுப் போயிருச்சு. அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

வர்க்கி டப்பா

எங்கள் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் தங்கராசு, எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்தவர், தன் அக்கா மகள் கல்யாணத்துக்கு, அட்டனுக்குப் பக்கத்து நுவரெலியாவுக்குப் போகிறேன் என்று வந்து நின்றார். எனக்குக் கடவுளே வந்து நின்ற மாதிரி இருந்தது. ஜெஸ்ஸி மூன்று நாள் எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் வாத்தையும் பேச்சுப் புரோகிராமையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். அதைச் செருகி மிசினைப் போட்டால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம் என்று யோகராசாவுக்குப் போனில் பத்துத் தடவை பாடம் நடந்தது.

தங்கராசுவுக்குப் பயம். "கள்ளக் காப்பியா ஜெஸ்ஸி? போலீசு பிடிச்சா? அந்தக் காலத்துல நாங்க கப்பல்ல வரும்போது ஒரு தேங்காத் துருவிக்கே ஆயிரம் கேள்வி கேட்டான்" என்றார். "பயப்பட வேண்டா அண்ணா. கம்பெனிச் சிஸ்டத்தக் காப்பி எடுத்தா அது கள்ளம். இத எழுதினவங்களே காப்பி எடு, நாலு பேருக்குக் குடுன்னு எழுதி வெச்சிருக்காங்க. குடுக்காம வெச்சுக்கிட்டாத்தான் அவங்களுக்கு வருத்தம்." தங்கராசு பென் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்மாத்துண்டுக்குள்ளயா வாத்து இருக்குது?" என்றார். அக்காவுக்கென்று நான் வாங்கி வைத்திருந்த வர்க்கி பிஸ்கட் டப்பாவுக்குள் அதை ஒரு கவரில் போட்டு வைத்தேன். வர்க்கியை அவள் தேத்தண்ணியில் நனைத்துச் சாப்பிடுவாள். பல் இல்லை.

கொழும்பு போய் இறங்கித் தங்கராசு போன் பண்ணினார். "ஏர்போர்ட்ல, டப்பாவுல என்னான்னு கேட்டாங்க. வாய் தவறி வாத்துன்னுட்டேன். உசுருள்ளது எதுவும் கொண்டு வரக் கூடாதுன்னு மொத்தத்தையும் கொட்டிப் பாத்துட்டாங்கம்மா. உங்க அக்காகிட்ட சொல்லிருங்க, வர்க்கி பாதி தூளு."

வாசல் தாண்டி வந்தது

ஞாயிறு வந்தது. நான் விடியலிலேயே குளித்து, கறுப்பு பார்டர் சேலை கட்டி, துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். ஜெஸ்ஸியும் மாதா கோவில் பூசையை முடித்துக்கொண்டு நேரே வந்துவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு வந்தால்தான் உண்டு. நாங்கள் கூப்பிட்டுப் பார்த்தோம், எடுக்கவில்லை. கருப்பையா அண்ணன் ஓனர் என்ற உரிமையில் வந்து ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மணியடித்தது. ஜெஸ்ஸி தொட்டாள். திரை முழுக்க அக்கா.

மெலிந்துபோயிருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. தலை முழுக்க நரை. கையை எடுத்த எடுப்பில் திட்டுதான். 'நிறுவைக்கு முன்னாலேயே ஏண்டி போகச் சொன்னாய்? என் கூடை பாதிகூட நிறையவில்லையே' என்றாள். நான் கண்ணாடியைக் காட்டினேன், மஞ்சைக் காட்டினேன், வெறுங்கையால் துடைத்துக் காட்டினேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்தது. ரயிலிலும் அப்படித்தானா என்று கேட்டாள். இந்தக் கேள்வியை அவள் இத்தனை வருசம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. 'ஆமாம்' என்று காட்டினேன். 'எல்லாரும் ஆட்டினார்கள், நானும் ஆட்டினேன். போகச் சொல்லவில்லை.' அக்கா தன் கன்னத்தில் தானே ஒரு அடி போட்டுக்கொண்டு, பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தாள். அழுதாளா, சிரித்தாளா? கண்ணில் புரை இருக்கிறவர்களை அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது. நான் திரையைத் தொட்டேன். கண்ணாடி சுட்டது. அவ்வளவுதான் கிடைக்கும்.

பிறகு யோகராசா தலையை நீட்டினார். எப்படி அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். "நான் கூட்டி வரல்லம்மா. மிசினப் போட்டேன், திரை நெறஞ்சு ஒரு படம் வந்திச்சு. அக்கா கோவிலுக்குப் போய்க்கிட்டிருந்திச்சு. கதவு தெறந்து கெடந்திச்சு. படத்தப் பாத்து நின்னுச்சு. அப்புறம் செருப்பக் கழட்டிட்டு ஓடியாந்திருச்சு."

"வாத்துப் படமா?"

"வாத்து எங்கம்மா? ரெண்டு கை. வயசான பொம்பளக் கை, வெரல்ல கொழுந்துக் கறை. ரெண்டும் நெஞ்சுக்கு இழுக்கற மாதிரி."

நான் திரும்பிப் பார்த்தேன். ஜெஸ்ஸி பிரிண்டருக்குக் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தாள், அதில் என்னவோ பெரிய வேலை இருப்பது போல. இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சுக்கு இழுத்தால் எங்கள் பேச்சில், மஞ்சு விலகிவிட்டது, வேலை இன்னும் இருக்கிறது, திரும்பி வா என்று அர்த்தம். தங்கராசு கிளம்புவதற்கு முந்தின நாள், கேமரா சரியாக இருக்கிறதா பார்க்கணும், எதையாவது காட்டுங்கள் சேச்சி, மஞ்சு விலகினா எப்படிக் கூப்பிடுவீங்க என்று பேச்சுவாக்கில் கேட்டுக்கொண்டே படம் பிடித்திருக்கிறாள். கருப்பையா அண்ணன் மட்டும், "ஓனரக் கேக்காம படத்த மாத்தலாமா?" என்று மூக்கை உறிஞ்சினார்.

பெரிய கம்பெனி மிசினைத் திறந்தால் கம்பெனியின் முத்திரைதான் முதலில் வரும், எந்த மகாராஜா வந்து கேட்டாலும் அதை நகர்த்த மாட்டார்கள். எங்கள் ஜெஸ்ஸியோ, பாவம், அந்த வாத்தையே கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, அது இருந்த இடத்தில் என் கையை வைத்துவிட்டாள்.